இரவு 9 மணிக் குறிப்பு: செயற்கைக்கோள் படத்தை நாகைக் கடலுக்கு எப்படி வாசிப்பது?

நாகை_கூடம்:

நாகையிலிருந்து கோடியக்கரை வரை உள்ள ஃபைபர் படகுகளுக்குத் தினமும் இரவு 9 மணிக்கு ஒரு வாட்ஸ்அப் குறிப்பு போகிறது. படகுகள் அதிகாலை 2 மணிக்கு இறங்கி, 8 முதல் 15 கடல் மைல் வரை போய், காலை 10 மணிக்குள் கரையேறும். குறிப்புக்கு அடிப்படை நான்கு: வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கை, ஹைதராபாத் இன்காய்ஸ் (கடல் தகவல் மையம்) தரும் கடல்நிலை, விண்டி என்ற காற்று முன்னறிவிப்புத் தளம், கடைசியாக இன்சாட் செயற்கைக்கோள் படம். எச்சரிக்கை வந்த நாளில் சிக்கலே இல்லை, யாரும் போவதில்லை. எச்சரிக்கை இல்லாத, ஆனால் ஒரு மாதிரியாக இருக்கிற நாள்களில்தான் குழப்பம். ஐப்பசி நெருங்குவதால் இப்போதே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

என் சந்தேகங்கள்:

ஒரே நேரத்துப் படம் இரண்டு தளங்களில் இரண்டு மாதிரி இருக்கிறது. ஒன்றில் இடிமேகம் வேதாரண்யத்துக்குக் கிழக்கே கடலில் நிற்கிறது, இன்னொன்றில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நிலத்தில் நிற்கிறது. எது சரி?

இரவு அகச்சிவப்புப் படத்தில் நாகைக்கு நேரே கடல் வெறிச்சென்று இருக்கும். ஆனால் 3 மணிக்கு அங்கே மழையும் காற்றும் இருக்கும். ஏன்?

அலை 1.2 மீட்டர் என்று போட்ட இரண்டு நாளில் ஒரு நாள் கடல் குளம் மாதிரி, மறுநாள் முகத்துவாரத்தைத் தாண்டவே முடியவில்லை.

விண்டி 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காட்டுகிறது. 10 மைலுக்கு அப்பால் 16, 18 அடிக்கிறது.

---

சோழகம்72:

சிவப்பு, கறுப்பு நிறத்தில் இருக்கிற இடத்தில் கனமழை. நிறமே இல்லாத இடத்தில் ஒன்றும் இல்லை. மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று நாலு படம் ஓட்டிப் பாருங்கள், போதும். ரொம்ப யோசிக்க வேண்டாம் அண்ணே.

---

அகச்சிவப்பு:

சோழகம்72 சொன்ன முதல் வரியை அப்படியே எடுத்துக்கொண்டால்தான் நாகை_கூடம் கேட்ட இரண்டாவது சந்தேகம் பிறக்கும். அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

முதலில் நேரம். படத்தின் மூலையில் உள்ளது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். 5.30 மணி கூட்டினால் நம் நேரம். 1530 என்று போட்டிருந்தால் இரவு 9 மணி. இதை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது அடுத்ததை: இன்சாட்-3டிஆரின் படக்கருவி பூமியின் முழு வட்டத்தையும் வருடி முடிக்க ஏறக்குறைய அரை மணி நேரம் எடுக்கும். அதன் பிறகு தரைநிலையத்தில் பதப்படுத்தித் தளத்தில் ஏற்ற வேண்டும். ஆக 9 மணிக்கு உங்கள் போனில் தெரிகிற 'கடைசிப் படம்' 8.15-க்கோ 8.30-க்கோ உரியது. மணிக்கு 40 கி.மீ. நகர்கிற இடிமேகம் அதற்குள் 20 கி.மீ. வந்திருக்கும். குறிப்பில் 'இப்போது' என்று எழுதாதீர்கள், படத்தின் நேரத்தை எழுதுங்கள்.

இனி இடம் மாறுவது. செயற்கைக்கோள் மேகத்தைச் செங்குத்தாகப் பார்ப்பதில்லை. சாய்வாகப் பார்க்கும்போது உயரமான மேகத்தின் உச்சி, அதற்குப் பின்னால் உள்ள தரையின் மீது விழுந்த மாதிரி பதியும். தெருவிளக்குக்கு எதிர்ப்பக்கம் நிழல் விழுவது போல, செயற்கைக்கோளுக்கு எதிர்ப்பக்கமாக மேகம் தள்ளிப் பதிகிறது. நாகைக்கு மேல் 15 கி.மீ. உயர உச்சி கொண்ட இடிமேகம் நிற்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் இப்படி வரும்:

இன்சாட்-3டிஆர் கிழக்குத் தீர்க்கரேகை 74 டிகிரியில் இருக்கிறது. நமக்குக் கிட்டத்தட்டத் தலைக்கு மேல். பிழை சுமார் 4 கி.மீ. மட்டுமே, வடகிழக்காக.

மீட்டியோசாட்-9 இருப்பது 45.5 டிகிரியில், மேற்கே. பிழை சுமார் 13 கி.மீ., பெரும்பாலும் கிழக்காக, அதாவது கடல் பக்கம்.

ஹிமாவரி-9 இருப்பது 140.7 டிகிரியில், ஜப்பானுக்காக நிறுத்தியது. நம் கரையை ஓரக்கண்ணால்தான் பார்க்கிறது. பிழை சுமார் 40 கி.மீ., மேற்காக, அதாவது நிலத்துப் பக்கம்.

ஆகவே ஒரே மேகம் இரண்டு தளங்களில் 50 கி.மீ. தள்ளித் தெரிவதில் மர்மம் எதுவும் இல்லை. வேதாரண்யத்துக்குக் கிழக்கே 20 கி.மீ. கடலில் நிற்கிற மேகத்தை ஹிமாவரி நிலத்தின் மேல் வைத்துக் காட்டிவிடும். 10 நிமிடத்துக்கு ஒரு படம் கிடைக்கிறதே என்று ஹிமாவரியை ஓட்டிப் பார்ப்பது தவறில்லை. மேகம் வளர்கிறதா தேய்கிறதா என்று பார்க்க அது நல்லது. இடத்தை மட்டும் இன்சாட்டில் எடுங்கள். எந்தச் செயற்கைக்கோள் என்று சொல்லாமல் பலவற்றை ஒட்டித் தைத்துக் காட்டும் தளங்களில் இடத்தை நம்பவே கூடாது. தாழ்ந்த மேகத்துக்கு இந்தப் பிழை குறைவு: 3 கி.மீ. உச்சிக்கு ஹிமாவரியிலும் 8 கி.மீ.தான்.

அடுத்து, இரவில் வெறிச்சோடிய கடல். 10.8 மைக்ரான் அகச்சிவப்புப் படம் ஒரு வெப்பமானி, அவ்வளவுதான். எது உச்சியில் இருக்கிறதோ அதன் வெப்பநிலையைக் காட்டும். ஐப்பசியில் கடல்நீர் 28, 29 டிகிரி. 2 கி.மீ. உயரத்தில் முடிகிற மேகத்தின் உச்சி 17, 18 டிகிரி. மைனஸ் 80 முதல் பிளஸ் 40 வரை விரிகிற சாம்பல் அளவுகோலில் இந்தப் பத்து டிகிரி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நிறமூட்டிய படத்தில் இன்னும் மோசம், நிறமே மைனஸ் 30-க்குக் கீழேதான் தொடங்கும். வடகிழக்குக் காற்று அடிக்கிற வாடைக்காலத்தில் நம் கரையோரம் பெய்கிற மழையில் ஒரு பகுதி, உச்சி 4, 5 கி.மீ.கூடத் தாண்டாத மேகத்திலிருந்து வருவது. உச்சியில் பனிக்கட்டியே இருக்காது, ஆனால் கீழே நன்றாக நனைக்கும், 10 நிமிடம் காற்றையும் தள்ளும். அதுவும் நடுநிசிக்குப் பிறகு, நிலக்காற்று கடல் பக்கம் இறங்கி வடகிழக்குக் காற்றோடு முட்டும் கோட்டில், கரையிலிருந்து சில மைல் தள்ளி வரிசையாக எழும்பும். உங்கள் படகு இறங்குகிற அதே நேரம், அதே இடம்.

இதற்கு இரவு நுண்ணியல் வண்ணக்கலவைப் படத்தைப் பாருங்கள். வானிலைத் துறையின் இன்சாட் பக்கத்திலேயே இருக்கிறது. 3.9 மைக்ரானையும் 10.8 மைக்ரானையும் கழித்து வரைவது அது. சின்ன நீர்த்துளிகள் நிறைந்த தாழ்மேகம் 3.9-ல் சற்றுக் குளிராகத் தெரியும், கடல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். அதனால் கடலும் தாழ்மேகமும் தனித்தனி நிறமாகப் பிரியும். இரண்டு எச்சரிக்கை: விடிந்த பிறகு 3.9-ல் சூரிய வெளிச்சம் கலந்துவிடும், படத்துக்குப் பொருளே மாறிவிடும். மேலே மெல்லிய கீற்று மேகம் மூடியிருந்தால் கீழே உள்ளது எதுவும் தெரியாது.

நீராவிப் படத்தை (6.5 முதல் 7.1 மைக்ரான்) கரையோரப் படகுக்கு யாராவது பரிந்துரைத்தால் கேட்காதீர்கள். அது காட்டுவது 5 கி.மீ.க்கு மேலே உள்ள ஈரம், அதுவும் 8 கி.மீ. பிரிதிறனில். புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று யோசிப்பவர்களுக்கு உதவும்.

---

காரைக்கால்_ராடார்வாசி:

'சிவப்பு என்றால் கனமழை' என்பதையும் திருத்த வேண்டும். மைனஸ் 70 டிகிரி என்றால் உச்சி மிக உயரத்தில் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். மழை பெய்து முடிந்த மேகத்தின் மேல்விரிப்பு மூன்று நான்கு மணி நேரம் அதே குளிரோடு மிதக்கும். கீழே ஒரு சொட்டு இருக்காது. உயிருள்ள மேகத்தை அடையாளம் காண விளிம்பைப் பாருங்கள்: ஒரு பக்கம் கத்தியால் வெட்டிய மாதிரி நிறம் சட்டென்று மாறும், மறுபக்கம் பஞ்சு பிரிந்த மாதிரி நீளும். வெட்டிய பக்கத்தில்தான் மேலெழும் காற்று இருக்கிறது. மழையும் அங்கேதான். பஞ்சுப் பக்கம் சும்மா மேல்காற்று இழுத்துக்கொண்டு போனது.

'நாலு படம் ஓட்டிப் பாருங்கள்' என்பதும் ஆவணி, புரட்டாசியில் ஏமாற்றும். அந்த மாதங்களில் 12, 14 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து வலுவான காற்று. 2, 3 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து. உச்சி விரிப்பு மேற்கே பரவுவதைப் பார்த்து மேகம் நிலத்துக்குள் போகிறது என்று நினைப்போம். இடியோ கிழக்கே நகர்ந்து கடலுக்கு வந்துகொண்டிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் சாயங்காலம் கட்டுகிற மேகம் இரவு நாகைக் கடலில் விழுவது இப்படித்தான்.

அந்த மேகத்தில் படகுக்கு ஆபத்து மழையால் இல்லை, முன்னோடிக் காற்றால். மழையோடு இறங்கும் குளிர்காற்று தரையில் மோதி, மழைக்கு 10, 20 கி.மீ. முன்னாலேயே ஓடும். பகலில் கட்புலப் படத்தில் இடிமேகத்துக்கு முன்னால் வில்லாக வளைந்த ஒரு மெல்லிய மேகக் கோடாகத் தெரியும். இரவில் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. ராடாருக்குத் தெரியும்.

நாகைக்கு நல்லகாலம், காரைக்கால் ராடார் 20 கி.மீ.க்குள் இருக்கிறது. மேக்ஸ் இசட் படத்தை மட்டும் பார்த்து விடாதீர்கள். அது எல்லா உயரத்திலும் உள்ள உச்ச மதிப்பை ஒன்றாக்கிக் காட்டுவது, அளவுகோலும் 20 டிபிஸெட்டில் (ராடார் எதிரொலி வலிமையின் அலகு) தொடங்கும். முன்னோடிக் கோடு அதைவிட மெலிது, 10, 15தான் இருக்கும். பிபிஐ படத்தை (ராடார் ஒரே சாய்வில் சுற்றிப் பார்த்த படம்) திறங்கள், அதிலும் திசைவேகப் படத்தை. ராடாரை நோக்கி வருகிற காற்று ஒரு நிறம், விலகிப் போவது ஒரு நிறம். மேற்கே இரண்டு நிறமும் கூர்மையான கோடாக ஒட்டி நின்றால் அதுதான். கோடு ராடாருக்கு 50, 60 கி.மீ. தூரத்துக்குள் வந்தால்தான் தெரியும். கதிர் தூரம் போகப் போக உயர்ந்துவிடும், 100 கி.மீ.யில் ஏறக்குறைய ஒன்றரை கி.மீ. உயரத்தில் போகும். தரையை ஒட்டி ஓடுகிற காற்று அதன் கீழே நழுவிவிடும்.

கணக்கைப் போடுங்கள். முன்னோடிக் காற்று மணிக்கு 45 கி.மீ. தஞ்சாவூரிலிருந்து நாகை நேர்க்கோட்டில் 75 கி.மீ. சொச்சம், ஒரு மணி 40 நிமிடம். திருவாரூரிலிருந்து 22 கி.மீ., அரை மணி. 10 மைல் வெளியே நிற்கிற படகு வலையை ஏற்றி, 12 நாட்டில் திரும்பினால் வலைக்கு அரை மணி, ஓட்டத்துக்கு 50 நிமிடம். திருவாரூரில் இடி கேட்டதும் போன் பண்ணுவது பயனற்றது. தஞ்சாவூரில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். தாமினி செயலியில் மின்னல் புள்ளிகள் எந்தப் பக்கம் கூடுகின்றன என்று பார்ப்பது இதற்கு நல்ல துணை. மின்னல் புள்ளி உச்சி விரிப்பைப் போல ஏமாற்றாது.

---

குமரிமுனை_அலை:

அலை விஷயத்துக்கு வருகிறேன். 1.2 மீட்டர் என்பது பாதி விவரம்தான். காலம் (ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே உள்ள நொடிகள்) என்ன என்று கேட்காமல் உயரத்தைச் சொல்வது, பெட்டியின் நீளத்தை மட்டும் சொல்லி எடை கேட்பது மாதிரி.

ஆழ்கடலில் அலையின் நீளம் மீட்டரில், காலத்தின் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்கினால் வரும். 6 நொடி அலைக்கு 56 மீட்டர். 16 நொடி அலைக்கு 400 மீட்டர். நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் அலை தரையை உணரத் தொடங்கும். 6 நொடி அலை 28 மீட்டர் ஆழத்தில், 16 நொடி அலை 200 மீட்டரிலேயே. நீண்ட அலை வெளியே இருக்கும்போது படகை மெல்லத் தூக்கி இறக்கும், இருப்பதே தெரியாது. கரை நெருங்க நெருங்கக் குறுகி, நிமிர்ந்து, முகத்துவாரத்து மணல்திட்டில் சுவராக விழும். எங்கள் பக்கம் கள்ளக்கடல் என்பது இதுதான். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் அடித்த புயல்காற்றின் அலை, 18 நொடிக் காலத்தோடு மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் கிளம்பி ஆறேழு நாளில் இங்கே வரும். வானம் வெளுத்து, காற்று இல்லாத நாளில் வரும். எந்த மேகப் படத்திலும் தெரியாது.

ஆனால் நாகைக்கு இதில் பங்கு குறைவு. தெற்கே இலங்கை மறைத்து நிற்கிறது. கடலூர், சென்னைக்கு வருகிற தென்கிழக்கு அலையில் ஒரு பகுதிதான் உங்களுக்கு வரும். உங்கள் சிக்கல் வேறு, மூன்றாகச் சேர்ந்து வருவது:

ஒன்று, 1.2 மீட்டர் என்பது மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. ஆயிரம் அலையில் ஒன்று அதைப்போல் 1.86 மடங்கு வரும். 6 நொடி அலை ஆயிரம் வர 100 நிமிடம். அதாவது ஒவ்வொரு பயணத்திலும் 2.2 மீட்டர் அலை ஒன்றிரண்டையாவது சந்தித்தே ஆக வேண்டும்.

இரண்டு, முகத்துவாரத்தின் ஆழம். ஆழத்தில் முக்கால் பங்குக்கு மேல் உயரமான அலை உடையும். திட்டின் மேல் 2.5 மீட்டர் தண்ணீர் இருந்தால் 1.9 மீட்டர் அலை உடைந்துவிடும். வற்றத்தில் (கடல்மட்டம் இறங்கியபோது) திட்டின் மேல் 1.8 மீட்டர்தான் என்றால் 1.4 மீட்டர் அலையே உடையும். ஒரே 1.2 மீட்டர் முன்னறிவிப்பு, ஏற்றத்தில் போனவனுக்கு குளம், வற்றத்தில் போனவனுக்கு சுவர்.

மூன்று, ஆற்றுத் தண்ணீர். மழைக்குப் பிறகு வற்றமும் வெள்ளமும் சேர்ந்து வெளியே ஓடும்போது எதிரே வருகிற அலை குறுகி நிமிரும். உயரம் கொஞ்சம்தான் கூடும், சரிவு பலமடங்கு கூடும். படகின் மூக்கு குத்துவது அதனால்தான்.

ஆக இன்காய்ஸ் பக்கத்தில் நான்கு எண்ணையும் எடுங்கள்: மொத்த அலை உயரம், தொலைவிலிருந்து வரும் பெருங்கடல் அலையின் உயரம், அதன் காலம், அதன் திசை. அதோடு வற்றம் எத்தனை மணிக்கு. திசையில் ஒரு பொறி உண்டு. காற்றும் அலையும் எங்கிருந்து வருகின்றன என்று சொல்வது வழக்கம். நீரோட்டத்துக்கு எங்கே போகிறது என்று சொல்வது வழக்கம். 'காற்று வடகிழக்கு, நீரோட்டம் தென்மேற்கு' என்றால் இரண்டும் ஒரே பக்கம்தான் ஓடுகின்றன. வாட்ஸ்அப்பில் 'எதிர் நீவாடு' (எதிர் நீரோட்டம்) என்று மாற்றி எழுதிவிடுவதைப் பல குழுக்களில் பார்க்கலாம்.

கோடியக்கரை முனையைத் தாண்டித் தெற்கே போகிறவர்களுக்குத் தனி வரி போடுங்கள். பாக் நீரிணை ஆழம் பல இடங்களில் 10 மீட்டர் சொச்சம்தான். 20 நாட் காற்றுக்கு அங்கே 4, 5 நொடியில் குத்துக் குத்தாக அலை எழும். உலக அலை மாதிரிகளின் (கணினிக் கணிப்புகளின்) கட்டம் அந்த இடத்தைச் சரியாகப் பிடிக்காது. வாடையில் முனைக்கு வடக்கே மோசமும் தெற்கே மறைப்புமாக இருக்கும். ஆனியிலும் ஆடியிலும் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது நேர்மாறு.

---

அகச்சிவப்பு:

காற்றுக் கேள்வி மிச்சம். விண்டி 10 காட்டி 16 அடிப்பதற்குப் பெரிய காரணம் கட்டம். விண்டியில் உள்ள ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்கக் கணினிக் கணிப்பு மாதிரியின் கட்டம் கால் டிகிரி, அதாவது 28 கி.மீ. உங்கள் விரல் நாகைக் கரையைத் தொட்டால், பாதி நிலம் பாதி கடல் உள்ள கட்டத்தின் காற்றைத்தான் காட்டும். மரமும் வீடும் இழுத்துப் பிடித்த காற்று அது. விரலை 40 கி.மீ. கிழக்கே நகர்த்தி அங்கே உள்ள எண்ணை எடுங்கள். 10 மைலுக்கு அதுதான் பொருந்தும். ஐரோப்பிய மாதிரியின் கட்டம் 9 கி.மீ., அங்கே இந்தப் பிழை குறைவு, ஆனாலும் கரையை ஒட்டிய கட்டத்தைத் தவிருங்கள். சராசரியோடு வீச்சுக்காற்றையும் (இடையிடையே எகிறுகிற வேகம்) எழுதுங்கள்.

இதோடு நிலக்காற்று. அதிகாலை 2 மணிக்குக் கரையில் மேற்கிலிருந்து 5 நாட் மெல்ல அடிக்கும், கரையோரக் கடல் எண்ணெய் மாதிரி கிடக்கும். 6, 7 மைல் தாண்டியதும் வாடை அப்படியே இருக்கும். கரையில் நின்று கடலைப் பார்த்து முடிவெடுப்பவர்களை ஏமாற்றுவது இந்த வேளைதான்.

மாதிரி சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கச் சிதறல்மானி இருக்கிறது. மெட்ஆப் செயற்கைக்கோள்களின் ஆஸ்காட் நம் கடலைக் காலை 9.30, இரவு 9.30 மணி வாக்கில் கடக்கும். நம் ஓஷன்சாட்-3-லும் (2022 நவம்பரில் ஏவியது) ஒன்று இருக்கிறது. கடல் மேற்பரப்பின் சிற்றலையில் ரேடியோ அலையை அடித்துக் காற்றைக் கணக்கிடுவது. அம்பின் வாலில் நீளக் கோடு 10 நாட், அரைக்கோடு 5. காலைக் கடப்பில் 50 கி.மீ. வெளியே அது 18 காட்டி, அதே நேரத்துக்கு மாதிரி 12 காட்டினால், இரவு முன்னறிவிப்பிலும் 5, 6 கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் தப்பியது மறுநாளும் அதே பக்கம் தப்புவது வழக்கம். கரையிலிருந்து 20, 25 கி.மீ.க்குள் சிதறல்மானி எண் இருக்காது; நிலத்தின் எதிரொலி கலந்துவிடும் என்று வெட்டிவிடுவார்கள். பாக் நீரிணைக்குள் அதனால் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடைக்காது. மழை கொட்டுகிற இடத்தில் வரும் தனி அம்புகளையும், குறிப்பாக ஓஷன்சாட்டில், நம்ப வேண்டாம். மழைத்துளி அடித்த கடலைக் காற்று அடித்த கடலாக அது எண்ணிக்கொள்ளும்.

இன்னொன்று: ஜிஎஃப்எஸ் நாளுக்கு நான்கு முறை, யூடிசி 00, 06, 12, 18 மணிகளுக்கு ஓடுகிறது. நீங்கள் இரவு 9 மணிக்குப் பார்ப்பது பெரும்பாலும் 06 ஓட்டம், அதாவது முற்பகல் 11.30 மணி நிலவரத்திலிருந்து கிளம்பியது. சாயங்காலம் கட்டிய மேகம் அதற்குத் தெரியவே தெரியாது. 12 ஓட்டம் நடுநிசிக்கு முன் வந்துவிடும்.

---

நாகை_கூடம்:

மிக்க நன்றி. அப்படியானால் 9 மணிக் குறிப்போடு நிறுத்தாமல் 1.30-க்கு ஒரு வரி சேர்க்க வேண்டும் போலிருக்கிறது. ஒன்று மட்டும்: எச்சரிக்கையில் 'சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்' என்று வரும். படகுக்காரர்கள் புயல் என்று நினைத்துக்கொள்கிறார்கள், புயல் வராததும் எச்சரிக்கை பொய் என்கிறார்கள். அதை எப்படி எழுதுவது?

---

காரைக்கால்_ராடார்வாசி:

நாட்டில் மாற்றினால் 24 முதல் 30, வீச்சு 35. அங்கே சூறாவளி என்பது திடீர்த் திடீரென்று எகிறுகிற காற்றைக் குறிக்கிறது. நம் துறையின் கணக்கில் புயல் என்ற பெயர் வர நிலையான காற்று 34 நாட் இருக்க வேண்டும். 17 முதல் 27 காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 28 முதல் 33 ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 30 அடி ஃபைபர் படகுக்கு 25 நாட்டே கூடாது, பெயர் எதுவானாலும். பெயருக்குக் காத்திருக்கவும் கூடாது: 2017-ல் ஒக்கி நவம்பர் 29-ம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, 30-ம் தேதி முற்பகலில் குமரிக்கடலில் புயலாகிவிட்டது. துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினால் 'ஒன்றுதானே' என்கிற பேச்சும் வேண்டாம். அது தொலைவில் உருவானதைச் சொல்வது, பலவீனமானது என்று சொல்வதில்லை.

---

சோழகம்72:

அண்ணன்மார் சொன்னது சரி, சிவப்பு விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு கேள்வி: 1.30-க்கு அனுப்பினாலும் 10 மைலில் போன் சிக்னல் இருக்காதே?

---

குமரிமுனை_அலை:

சில இடத்தில் இருக்கும், சில இடத்தில் இருக்காது. அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. அதனால்தான் 1.30 வரி படகு இறங்குவதற்கு முன் போக வேண்டும். கடலில் இருப்பவருக்கு விஎச்எஃப் வானொலியின் 16-ம் சேனல். உயரமான கரைக் கோபுரம் இருந்தால் 15, 20 மைல் தாராளமாக எட்டும், படகுக்குப் படகு என்றால் ஐந்தாறு மைல். இன்காய்ஸின் ஜெமினி கருவி இருந்தால் ககன் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வரும், ப்ளூடூத்தில் போனுக்கு ஏறும். ஆனால் அது ஒருவழி, நீங்கள் பதில் அனுப்ப முடியாது. நெகிழிப் பைக்குள் போட்டுப் பெட்டியில் பூட்டி வைத்தால் வானம் தெரியாது, செய்தியும் வராது. திறந்த இடத்தில் கட்டுங்கள்.

---

நாகை_கூடம்:

மாதிரிக்கு ஒன்று எழுதிப் பார்த்தேன், திருத்தவும்:

"இன்று இரவு. காற்று 12 நாட், வடகிழக்கு. அலை 1.2 மீட்டர். மேகம் இல்லை. கடல் சாதாரணம்."

---

அகச்சிவப்பு:

'மேகம் இல்லை', 'சாதாரணம்' இரண்டையும் எடுத்துவிடுங்கள். எண்ணைக் கொடுத்தால் படகுக்காரர் தன் படகுக்குத் தகுந்தபடி அவரே முடிவெடுப்பார். இப்படிப் போகட்டும்:

"இரவு 9. மீனவர் எச்சரிக்கை இல்லை. 10 மைலில் காற்று வடகிழக்கிலிருந்து 14, வீச்சு 20 நாட் (காலைச் சிதறல்மானி பார்த்து 2 கூட்டியது). கரையோரம் 5 மணி வரை நிலக்காற்று, அமைதியாகத் தெரியும். அலை 1.2 மீட்டர், 6 நொடி, வடகிழக்கிலிருந்து. பெரிய அலை 2.2 வரை. வற்றம் அதிகாலை 3.40, முகத்துவாரத்தில் 2.45 முதல் 4.30 வரை கவனம். படம் 8.15: தஞ்சாவூருக்கு மேற்கே இடிமேகம் ஒன்று, கிழக்கே நகர்கிறது. ராடார் பார்த்து 1.30-க்கு அடுத்த குறிப்பு. அதற்கு முன் யாரும் இறங்க வேண்டாம்."

---

குமரிமுனை_அலை:

வற்ற நேரத்தை நாகைத் துறைமுக அட்டவணையிலிருந்து எடுங்கள், சென்னை அட்டவணையிலிருந்து வேண்டாம். மழைத் தண்ணீர் ஓடுகிற நாளில் 4.30-ஐ 5.15 ஆக்குங்கள், வற்றம் முடிந்த பிறகும் ஆறு கொஞ்ச நேரம் வெளியேதான் தள்ளும்.